சோதனை ஏவல் நாள்: ராக்கெட் அணியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

அமெரிக்காவுக்குப் படிக்கப் போன கையோடு பல்கலைக்கழக ராக்கெட் அணியில் பெயர் கொடுத்துவிடுகிறவர்கள் நம் பிள்ளைகளிலும் உண்டு. பெரும்பாலும் ஏதாவது வீடியோ பார்த்துவிட்டு வருவார்கள். சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களின் டிராவலர் 4 ராக்கெட் 2019 ஏப்ரலில் 100 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டியது. அதே அணியின் ஆஃப்டர்ஷாக் 2, நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்திலிருந்து 2024 அக்டோபரில் கிளம்பி 4,70,000 அடி போனது. அதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு முதல் சோதனை ஏவலுக்குப் போனால் சப்பென்றுதான் இருக்கும். அறுவடை முடிந்த சோள வயல், பிப்ரவரிக் குளிர், நாலைந்து மடக்கு மேசைகள், ஒரு ஜெனரேட்டர், தூரத்தில் ஒரு தற்காலிகக் கழிப்பறை. விடிவதற்குள் கிளம்பி இருட்டியபின் திரும்புவீர்கள். அதில் ராக்கெட் காற்றில் இருக்கும் நேரம் 2 நிமிடம்கூட இல்லை.

அப்படிப்பட்ட ஒரு நாளுக்குத்தான் இந்த வழிகாட்டி. உதாரணத்துக்கு நாசாவின் ஸ்டூடண்ட் லாஞ்ச் போட்டியை எடுத்துக்கொள்கிறேன். அலபாமா மாநிலம் ஹன்ட்ஸ்வில்லில் உள்ள மார்ஷல் விண்வெளி மையம் நடத்தும் போட்டி அது. ராக்கெட் 4,000 அடிக்கும் 6,000 அடிக்கும் இடையில், அணியே முன்கூட்டி அறிவித்த உயரத்தைத் தொட வேண்டும். இறுதிப் போட்டிக்கு முன் சிறிய மாதிரி ஒன்றையும், அப்புறம் முழு ராக்கெட்டையும் அணி தன் சொந்த ஏற்பாட்டில் பறக்கவிட்டு, உயரத்தை அளக்கும் ஆல்டிமீட்டர் கருவியின் பதிவைக் காட்டி நிரூபிக்க வேண்டும். அந்த இரண்டும்தான் சோதனை ஏவல்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும். கீழே வரும் எண்களை உங்கள் ஆண்டின் கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் மோட்டாரையே பார்ப்பார்கள். நெருப்பு அங்கேதானே இருக்கிறது. ஆனால் மோட்டார் என்பது தொழிற்சாலையில் செய்து, சோதித்து, சான்று பெற்றுக் கடையில் வாங்கிய பொருள். பாராசூட்டை மடித்தது உங்கள் அணி. ஆல்டிமீட்டருக்கு வயர் போட்டது உங்கள் அணி. மாணவர் ராக்கெட் தரையில் குத்தி நொறுங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மேலே போகும் பாதியை அல்ல, இறங்கும் பாதியைத்தான். நாள் முழுக்க நீங்கள் செய்யப்போகும் வேலையில் முக்கால்வாசி, ராக்கெட்டை ஏற்றுவதற்கான வேலையே இல்லை, இறக்குவதற்கான வேலை.

யார் சொன்னால் கேட்க வேண்டும்

களத்தில் மூன்று பேரை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது ஆர்.எஸ்.ஓ., அதாவது களப் பாதுகாப்பு அதிகாரி. இந்த ராக்கெட் பறக்கலாமா கூடாதா என்று முடிவு செய்பவர் அவர்தான். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். பேராசிரியரே வந்து நின்றாலும் மாறாது. இரண்டாவது எல்.சி.ஓ., மைக்கைப் பிடித்து எண்ணிக்கை சொல்லிப் பொத்தானை அழுத்துபவர். மூன்றாவது உங்கள் அணியின் மென்டர். நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரி அல்லது டிரிப்போலி சங்கத்தில், உங்கள் மோட்டார் வகுப்புக்கு உரிய சான்று பெற்றவராக இருப்பார். நாசா போட்டி விதிப்படி, பொறுப்பு என்று வரும்போது ராக்கெட்டின் உரிமையாளர் அவர்தான். ஆறு மாதம் ராப்பகலாக உட்கார்ந்து செய்தது நீங்களாக இருக்கலாம். ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவர் "இன்னொரு தடவை பார்" என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள்.

மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பாராசூட்டை வெளியே தள்ளுவதற்குக் கருமருந்து பயன்படுத்துவார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் வெடிபொருளைக் கையில் வைத்திருக்கச் சில விலக்குகள் தவிரத் தடை உண்டு. அந்த விலக்கு நமக்குப் பொருந்துமா என்று வயலில் நின்று ஆராய வேண்டாம். கருமருந்து டப்பாவை எடுப்பது, அளப்பது, நிரப்புவது எல்லாம் மென்டர் கையில் இருக்கட்டும். உங்களைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். நல்ல அணிகளில் குடிமக்கள் உட்பட எல்லா மாணவர்களுக்கும் இதே விதிதான். மோட்டாரில் இருக்கும் அம்மோனியம் பெர்குளோரேட் கலவை 2009இல் கூட்டாட்சி வெடிபொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, அதனால் அது வேறு கணக்கு. இரண்டாவது, நாசா போட்டியில் வெளிநாட்டு உறுப்பினர்களின் பெயர்களை அணி ஆரம்பக் கட்டத்திலேயே தெரிவித்தாக வேண்டும். மார்ஷல் மையத்துக்குள் சில நிகழ்ச்சிகளுக்கு உங்களை விடாமலும் போகலாம். அணித் தலைவரிடம் செப்டம்பரிலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.

முந்தைய நாள் மாலை

ஏவல் நாள் உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. முதல் வேலை தரைச் சோதனை நடந்துவிட்டதா என்று உறுதி செய்வது. ராக்கெட்டைப் பறக்கும்போது இருப்பது போலவே முழுதாகக் கோத்து, தரையில் கிடத்தி, தூரத்திலிருந்து கருமருந்தை வெடிக்கச் செய்து பார்ப்பார்கள். இரண்டு பாகமும் விசையோடு பிரிந்து, பாராசூட் குழாயை விட்டு முழுதாக வெளியே வந்து விழ வேண்டும். பாதி எட்டிப் பார்த்தால் அது தோல்விதான். இதற்கு அப்புறம் பாராசூட்டை மாற்றினாலோ, கயிற்றின் நீளத்தை மாற்றினாலோ, சோதனையை மறுபடி செய்ய வேண்டும். "சின்ன மாற்றம்தானே" என்று யாராவது சொன்னால் அதுதான் எச்சரிக்கை மணி.

அப்புறம் பேட்டரி. ஆல்டிமீட்டருக்குப் புது பேட்டரி போடுங்கள். மல்டிமீட்டரில் வோல்டேஜ் பார்த்து, எண்ணை மாஸ்கிங் டேப்பில் எழுதி அந்தப் பேட்டரி மேலேயே ஒட்டிவிடுங்கள். ராக்கெட் இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கரின் லித்தியம் பேட்டரியை இரவே முழுதாகச் சார்ஜ் செய்து, காலையில் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். குளிரில் கிடந்தால் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

பெட்டி கட்டும்போது, ராக்கெட்டைத் தவிர எல்லாவற்றையும் மறந்துவிடுவது புது அணிகளின் வழக்கம். கட்டாயம் இருக்க வேண்டியவை: ஷியர் பின் (பாகங்களைப் பிடித்து வைக்கும் நைலான் திருகு) ஒரு பொட்டலம் முழுக்க, மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டர் உபரியாக, உபரி பேட்டரி, ஸ்க்ரூடிரைவர் எல்லா அளவிலும், மாஸ்கிங் டேப், உப்புத்தாள், எபாக்ஸி, எடை பார்க்கும் தொங்கு தராசு, அளவு நாடா, பேபி பவுடர், காது நன்றாகக் கேட்கும் ஓர் ஆள். கடைசியில் சொன்னது விளையாட்டு இல்லை. ஏன் என்று கீழே வரும்.

உங்களுக்கென்று எடுத்துப்போக: பருத்தித் துணியில் அடுக்கடுக்காக உடை (நைலான், பாலியெஸ்டர் உடையில் நிலைமின் பொறி தட்டும்; கருமருந்தும் அதை மின்சாரத்தால் பற்றவைக்கும் ஈ-மேட்சும் இருக்கும் மேசைப் பக்கம் அது ஆகாது), சேறு பட்டாலும் பரவாயில்லை என்கிற பூட்ஸ், தொப்பி, தண்ணீர், சாப்பாடு. பக்கத்தில் கடை இருக்காது. புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் நீங்களும் பிழைப்பீர்கள், பக்கத்தில் இருப்பவரும் பிழைப்பார்.

வயலில் இறங்கியதும்

வண்டியைக் காட்டிய இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். நிலம் பெரும்பாலும் ஒரு விவசாயியுடையது. அவர் மனது வைத்தால்தான் உள்ளூர் ராக்கெட் சங்கத்துக்கு அந்தக் களம் இருக்கும். முளைத்த பயிர் மீது ஒரு வண்டி ஏறினால், அடுத்த மாதம் எல்லா அணிகளுக்கும் ஏவுதளம் இல்லாமல் போய்விடும்.

வானத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் வாங்கிய அனுமதி குறிப்பிட்ட நாளுக்கும் நேரத்துக்கும் உயரத்துக்கும் மட்டும்தான். அதற்குள்ளும், மேகத்துக்குள் ராக்கெட்டை விடக்கூடாது. தரைக்காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால் ஏவல் இல்லை. காற்று 15 மைல் இருந்தாலே மென்டர் முகத்தைப் பாருங்கள். போட்டி விதிப்படி ராக்கெட் தளத்திலிருந்து 2,500 அடி ஆரத்துக்குள் இறங்க வேண்டும். அதனால்தான் காற்று அடிக்கிற நாளில் எல்லோரும் மடிக்கணினியைத் திறந்து ஓப்பன்ராக்கெட் மென்பொருளில் அன்றைய காற்றின் வேகத்தைப் போட்டு மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ராக்கெட் வாலில் துடுப்பு இருப்பதால் காற்று வரும் திசையை நோக்கித் தலையைத் திருப்பும். நிலைத்தன்மை அதிகமாக இருக்கும் ராக்கெட் இன்னும் அதிகமாகத் திரும்பும். "ரொம்ப ஸ்டேபிளாக இருக்கிறது" என்று புதியவர்கள் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். காற்று நாளில் அது அவ்வளவு நல்ல செய்தி இல்லை.

கோத்தல்

நாளின் நீண்ட பகுதி இது. நாசா போட்டியில் இதற்கு 2 மணி நேரம்தான். பழகாத அணிக்கு 4 மணி நேரம் ஆகும்.

புதியவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி செக்லிஸ்ட் படிப்பது. ஒருவர் படிக்க வேண்டும், மற்றவர் செய்ய வேண்டும், செய்தவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "மேல் க்விக் லிங்க்?" "மூடியாயிற்று, இழுத்துப் பார்த்தாயிற்று." அப்போதுதான் டிக் போடலாம். படிப்பவர் கை எதையும் தொடக்கூடாது. நடுவில் யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால், அந்தப் பக்கத்தின் ஆரம்பத்துக்கே திரும்பிப் போங்கள். சிடுமூஞ்சி என்று பெயர் வாங்கினாலும் சரி.

ராக்கெட் இறங்கும் விதம் இப்படி. உச்சியைத் தொட்டதும் ஆல்டிமீட்டர் முதல் கருமருந்தை வெடிக்கச் செய்யும். ட்ரோக் என்ற சிறிய பாராசூட் வெளியே வரும். அதைப் பிடித்துக்கொண்டு ராக்கெட் வேகமாகவே கீழே வரும், அப்போதுதான் காற்று அதிக தூரம் அடித்துக்கொண்டு போகாது. தரையிலிருந்து 600 அடி அளவில் இரண்டாவது வெடி. மெயின் என்ற பெரிய பாராசூட் விரியும். போட்டி விதிப்படி மெயின் 500 அடிக்குக் கீழே விரியக்கூடாது. தரையிறங்கும்போது எந்தப் பாகத்தின் இயக்க ஆற்றலும் 75 அடி-பவுண்டைத் தாண்டக்கூடாது. உச்சியிலிருந்து தரைக்கு 90 நொடிக்குள் வந்து சேர வேண்டும். மெதுவாகவும் இறங்க வேண்டும், சீக்கிரமாகவும் இறங்க வேண்டும். இரண்டு பாராசூட் வைப்பதன் காரணமே இந்த இழுபறிதான்.

பாராசூட் மடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறையாவது முழுதாகப் பாருங்கள். முதலில் துணியை உதறி விரிப்பார்கள். கயிறுகளை ஒவ்வொன்றாக விரலிடுக்கில் ஓடவிட்டுச் சிக்கு இல்லை என்று பார்ப்பார்கள். அப்புறம் விசிறி மடிப்பு, அப்புறம் நீளவாக்கில் இசட் மடிப்பு, துணியோடு துணி ஒட்டாமல் இருக்க இடையில் கொஞ்சம் பேபி பவுடர். நெருப்புத் தாங்கும் நோமெக்ஸ் துணியைச் சுற்றும்போது, கருமருந்து இருக்கும் பக்கம் இடைவெளியில்லாமல் மூடியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பாராசூட்டில் ஓட்டை விழும். மடிக்கும்போது கயிறு கலையாமல் இருக்க ரப்பர் பேண்ட் போடுவார்கள். அதைக் கழற்ற மறந்தால் பாராசூட் மூட்டையாகவே வந்து தரையில் விழும். அதனால் பளிச்சென்ற நிறத்தில் ரப்பர் பேண்ட் வாங்கி, எண்ணி எடுத்து, கழற்றியதை மணிக்கட்டில் போட்டுக்கொள்ளுங்கள். எடுத்த எண்ணிக்கை மணிக்கட்டில் இல்லையென்றால் குழாயை மூடக்கூடாது.

பொதியைக் குழாய்க்குள் வைத்தபின் ஒரு சோதனை. குழாயைத் தலைகீழாகப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். பொதி தானாகச் சரிந்து வர வேண்டும். கையால் திணித்து உள்ளே அனுப்பியதை வெடி வெளியே தள்ளும் என்று நம்பாதீர்கள். பிரித்து மறுபடி மடியுங்கள்.

அடுத்து நடுவில் இருக்கும் மின்னணு அறை. போட்டியில் இரண்டு ஆல்டிமீட்டர் கட்டாயம். ஒவ்வொன்றுக்கும் தனி பேட்டரி, தனி சுவிட்ச். ஒன்று தூங்கினாலும் மற்றது வேலை செய்ய வேண்டும். இரண்டாவதைக் கொஞ்சம் தாமதமாக வெடிக்கும்படி வைப்பார்கள். ஆல்டிமீட்டர் உயரத்தை அறிவது காற்றழுத்தத்தை வைத்துத்தான். அதற்காகக் குழாயில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அந்தத் துளைகளைக் காவல் காப்பதையும் உங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அணி, கடைசி நேரத்தில் வந்த ஸ்பான்சர் ஸ்டிக்கரை அழகாக அந்தத் துளைகள் மேலேயே ஒட்டி மேசைக்குக் கொண்டுவந்ததைப் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, ஆர்.எஸ்.ஓ. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். துளை மூடியிருந்தால் ராக்கெட் எங்கே இருக்கிறது என்று ஆல்டிமீட்டருக்குத் தெரியாது. அதே சமயம், கருமருந்துப் பக்கத்திலிருந்து வயர் வரும் ஓட்டைகளைக் களிமண் போன்ற பசையால் அடைத்திருக்க வேண்டும். வெடியின் அழுத்தம் உள்ளே வந்தாலும் ஆல்டிமீட்டர் குழம்பும்.

ஷியர் பின் என்பது சின்ன நைலான் திருகு. பறக்கும்போது பாகங்கள் தானாகப் பிரியாமல் பிடித்து வைத்து, வெடித்ததும் அறுந்து வழிவிட வேண்டியது அதன் வேலை. தரைச் சோதனையில் எத்தனை போட்டீர்களோ அத்தனைதான். "பயமாக இருக்கிறது, இன்னும் ஒன்று போடலாமா" என்ற கேள்விக்குப் பதில் எப்போதும் இல்லை என்பதே.

மோட்டாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதை மென்டர்தான் கையாளுவார். பெயரைப் படிக்கத் தெரிந்தால் போதும். எல்1520டி என்றால், எல் என்பது மொத்த உந்தத்தின் வகுப்பு: 2,560 முதல் 5,120 நியூட்டன்-நொடி வரை. ஓர் எழுத்து கூடினால் உச்சவரம்பு இரட்டிப்பாகும். 1520 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி எழுத்து எரிபொருளின் வகை. நாசா போட்டியில் எல் வகுப்புக்கு மேல் அனுமதி இல்லை. மோட்டாரின் உந்துவிசை ராக்கெட்டின் எடையைப் போல் குறைந்தது 5 மடங்கு இருக்க வேண்டும். எடைக்குறைவாகச் செய்யச் சொல்லி மூத்தவர்கள் உயிரை வாங்குவது இதனால்தான்.

எல்லாம் கோத்து முடித்ததும் ராக்கெட்டை எடை போட்டு, ஒரு கயிற்றில் தொங்கவிட்டு ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடியுங்கள். கணினியில் இருப்பதை நம்ப வேண்டாம். கடைசி வாரத்தில் போட்ட எபாக்ஸியும் பெயிண்டும் கணினிக்குத் தெரியாது. ஈர்ப்பு மையம், காற்றின் விசை ஒட்டுமொத்தமாகச் செயல்படும் புள்ளியான அழுத்த மையத்துக்கு முன்னால், அதாவது மூக்குப் பக்கமாக இருக்க வேண்டும். ராக்கெட்டைத் தாங்கி நிறுத்தி ஏவும் கம்பமான ரெயிலை விட்டுப் பிரியும்போது இரண்டுக்கும் இடையிலான தூரம் குழாயின் விட்டத்தைப் போல் 2 மடங்காவது இருக்க வேண்டும் என்பது போட்டி விதி. இரண்டு இடத்தையும் ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டுங்கள்.

ஆர்.எஸ்.ஓ. மேசை

இதை வாய்மொழித் தேர்வு என்று நினைத்துக்கொண்டு போகலாம். எடை எவ்வளவு, மோட்டார் எது, எவ்வளவு உயரம் எதிர்பார்க்கிறீர்கள், மெயின் எந்த உயரத்தில், தரைச் சோதனை எப்போது நடந்தது என்று கேட்பார்கள். துடுப்பைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். ரெயில் பட்டனை இழுத்துப் பார்ப்பார்கள். தெரிந்தவர் ஒருவர் மட்டும் பதில் சொல்லட்டும். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லிப் பார்த்துவிட்டு வருவதில் வெட்கமில்லை. ஊகித்துச் சொல்லும் எண் அங்கே உடனே மாட்டிக்கொள்ளும்.

ரெயிலில்

தளத்துக்குத் தேவையான ஆட்கள் மட்டும் போக வேண்டும். மூன்று நான்கு பேருக்கு மேல் வேலை இல்லை. உங்களைக் கூப்பிடவில்லை என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அடுத்த முறை கூப்பிடுவார்கள்.

வரிசை முக்கியம், இதில் விளையாடக்கூடாது. டிராக்கருக்குச் செயற்கைக்கோள் தொடர்பு கிடைத்துவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். ரெயிலைச் சாய்த்து, ராக்கெட்டை மாட்டி, ரெயிலை நிமிர்த்த வேண்டும். நிமிர்ந்து நின்ற பிறகுதான் ஆல்டிமீட்டர் சுவிட்சைப் போட வேண்டும். ஆல்டிமீட்டர் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் இக்னைட்டரை மோட்டாருக்குள் விட வேண்டும். எதற்காகவாவது ராக்கெட்டை இறக்க வேண்டி வந்தால் இதே வரிசை தலைகீழாக: முதலில் இக்னைட்டர் வெளியே, அப்புறம் சுவிட்சை அணை, அப்புறம்தான் ரெயிலைச் சாய்ப்பது.

காது கேட்கும் ஆள் தேவைப்படுவது இங்கேதான். ஆல்டிமீட்டர் தன் நிலையை பீப் ஒலியில்தான் சொல்லும். பல அணிகள் வைத்திருக்கும் ஸ்ட்ராட்டோலாகரில், ட்ரோக் இணைப்பு மட்டும் சரியென்றால் ஒரு பீப், மெயின் மட்டும் என்றால் இரண்டு, இரண்டும் சரியென்றால் மூன்று. காற்று காதில் இரைந்துகொண்டிருக்கும், பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள், ஜெனரேட்டர் சத்தம் வேறு. குழாயில் காதை வைத்துக் கேட்க வேண்டும். இரண்டு ஆல்டிமீட்டரையும் ஒரே நேரத்தில் போட்டால் பீப்புகள் ஒன்றோடொன்று கலந்து எதுவும் புரியாது. முதல் சுவிட்சைப் போட்டு, மூன்று மூன்றாக வருகிறதா என்று சில சுற்று கேட்டு, செக்லிஸ்ட்டில் எழுதி, அப்புறம் அடுத்ததைப் போடுங்கள். உங்கள் அணியின் ஆல்டிமீட்டர் வேறு வகை என்றால் அதன் பீப் கணக்கை அட்டையில் எழுதி எடுத்துப்போங்கள். மனப்பாடத்தை நம்ப வேண்டாம், குளிரில் மூளையும் உறையும்.

இக்னைட்டரை மோட்டாரின் மேல் முனை வரை தள்ள வேண்டும். எரிபொருள் மேலிருந்து பற்றினால்தான் அழுத்தம் சரியாக ஏறும். உள்ளே கண் தெரியாது என்பதால், முன்பே மோட்டாருக்கு வெளியே வைத்து நீளம் அளந்து, அந்த இடத்தில் டேப் சுற்றிவிடுவார்கள். மோட்டாரின் அடியில் நெருப்பு வெளியேறும் நாசிலின் வாயை டேப் தொட்டால் முனை மேலே போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். ஏவும் வயரின் இரண்டு கிளிப்பையும் இக்னைட்டரில் மாட்டுவதற்கு முன் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். பொறி பறந்தால் வயரில் மின்சாரம் இருக்கிறது; உடனே விலகி எல்.சி.ஓ.விடம் சொல்லுங்கள்.

மாட்டியதும் திரும்பி நடங்கள். எல் வகுப்பு மோட்டாருக்குக் குறைந்தபட்ச தூரம் 300 அடி, எம் வகுப்புக்கு 500. இது ஒற்றை மோட்டாருக்கு. அடுக்கு ராக்கெட் என்றால் இன்னும் அதிகம்.

பறக்கும் நேரம்

எண்ணிக்கை ஆரம்பித்ததும் எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்துகொண்டு பார்க்கிறவர் ராக்கெட் தன் பக்கம் திரும்பினால் விலக நேரம் கிடைக்காது. போனை ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள். போன் திரையில் பார்க்கிறவர்கள்தான் ராக்கெட்டைத் தொலைக்கிறார்கள்.

மோட்டார் எரிவது இரண்டு, மூன்று நொடி. அதன்பின் சத்தமில்லாமல் மேலே போய்க்கொண்டே இருக்கும். 5,000 அடி உச்சிக்குப் போக மொத்தம் 17, 18 நொடி ஆகலாம். உச்சியில் ஒரு சின்னப் புகைப் பொட்டு தெரியும். அதன் சத்தம் நான்கரை நொடி கழித்துத்தான் தரைக்கு வரும். அதனால் சத்தம் கேட்கவில்லையே என்று உடனே பதற வேண்டாம். புகையும் இல்லை, துணியும் இல்லை, மூக்கைக் கீழே காட்டிக்கொண்டு வேகமாக வருகிறது என்றால் "ஹெட்ஸ் அப்" என்று கத்துவார்கள். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ராக்கெட்டைக் கண்ணால் பிடித்து விரலால் சுட்டிக் காட்டுங்கள். எங்கே வருகிறது என்று தெரியாமல் ஓடாதீர்கள்.

பொத்தானை அழுத்தியும் கிளம்பவில்லை என்றால், ஏவும் சாதனத்தின் மின் இணைப்பைத் துண்டித்து, கடைசி முயற்சியிலிருந்து 60 நொடி காத்திருக்க வேண்டும். யாரும் தளத்தை நெருங்கக்கூடாது. பெரும்பாலும் இக்னைட்டர்தான் காரணம். பெட்டியில் உபரி இருக்கிறதல்லவா.

தேடிப் போதல்

டிராக்கர் இருந்தாலும், கண்ணால் பார்த்த திசையைக் குறித்து வையுங்கள். இரண்டு பேர் சற்றுத் தள்ளித் தள்ளி நின்று ஆளுக்கொரு திசைகாட்டி அளவு எடுத்தால், இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தில் ராக்கெட் கிடக்கும். களத்தை எல்.சி.ஓ. திறந்துவிட்ட பிறகுதான் கிளம்ப வேண்டும். இறங்கி வரும் ராக்கெட்டைக் கையால் பிடிக்க முயலாதீர்கள். மின்கம்பியில் மாட்டிக்கொண்டால் அதை எடுக்கும் வேலை நம்முடையது அல்ல. மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பக்கத்து வயலில் விழுந்தால் வேலி தாண்டுவதற்கு முன் கேளுங்கள்.

கண்டுபிடித்ததும் ஓடிப்போய்த் தூக்கத் தோன்றும். தூக்காதீர்கள். எந்தக் கருமருந்தாவது வெடிக்காமல் மிச்சம் இருக்கலாம். குழாயின் வாய்க்கு நேராக முகத்தைக் கொண்டுபோகாமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள். தொடுவதற்கு முன், கிடக்கிறபடியே எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். போட்டி அறிக்கைக்கு அந்தப் படங்கள் தேவை, ஏதாவது தப்பாகியிருந்தால் காரணம் தேடவும் தேவை. ஆல்டிமீட்டர் உச்ச உயரத்தை பீப்பில் சொல்லிக்கொண்டிருக்கும். அதை எழுதிக்கொண்டு, மென்டர் சொன்னபின் சுவிட்சை அணையுங்கள்.

பாராசூட் கயிறு இழுத்த இழுப்பில் குழாயின் விளிம்பு ஜிப் போலக் கிழிந்திருக்கிறதா, துணியில் கருகல் இருக்கிறதா, துடுப்பின் அடியில் விரிசல் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். கிழிசல் இருந்தால் பிரிவு நடந்தபோது ராக்கெட் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது என்று அர்த்தம். வெடி முந்தியதா பிந்தியதா என்பது பதிவில் தெரியும்.

திரும்பியபின்

வயலில் ஒரு துண்டு டேப் கூட விடாமல் பொறுக்குங்கள். ஆல்டிமீட்டர் பதிவை அன்றே கணினியில் இறக்கி, இரண்டு இடத்தில் சேமித்துவிடுங்கள். இரண்டு ஆல்டிமீட்டரும் சொல்லும் உயரம் கொஞ்சம் வித்தியாசப்படும், அது சகஜம். பெரிதாக வித்தியாசப்பட்டால் துளைகளைப் பாருங்கள்.

எல்லோரும் பீட்சா தின்னப் போகும்போது யாராவது ஒருவர் மோட்டார் உறையைக் கழுவ வேண்டும். அது பல ஆண்டு பயன்படும் அலுமினிய உறை, விலையும் அதிகம். உள்ளே படிந்த கரி இரவு முழுக்க விட்டால் கெட்டியாகி, மூடி திருகவே வராது. சூடு ஆறியதும் கையுறை போட்டுக்கொண்டு மூடிகளைக் கழற்றி, எரிந்த உட்குழாயைத் தள்ளி வெளியே எடுத்து, வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, மரையில் கிரீஸ் தடவி வையுங்கள். ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்களை எண்ணிக் குப்பையில் போடுங்கள், அடுத்த மோட்டாருக்குப் புதிதாக வரும்.